ஹரீஷ்குமார் போட்ட மஞ்சள் கோடு

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஹரீஷ்குமார் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அந்த உத்தியோகத்தைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் மனைவி அனிதாவுக்குப் புண்ணியமாகப் போயிருக்கும். அவனோ வீட்டுக்கும் கொண்டுவந்தான். கம்பெனியில் ஒரு போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுப்பார்கள். பின்னால் போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். அதற்காகக் குக்கர் கைப்பிடியிலும் கோடு போடுகிற ஆளை என்ன சொல்வது? தொரப்பள்ளியில் அவர்கள் வீட்டில் ஃபேன், குழாய், கட்டில் கால் எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு. மாமியார் வெள்ளையம்மா மட்டும்தான் கோடில்லாமல் நடமாடினாள்.

இந்த மேதாவிதான் ஒரு வாரமாகக் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹெட்லைட் ஏன் மினுக்குகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

கார் அனிதாவுடையது. நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கும் அவள் அப்பா கோவிந்தன் கல்யாணச் சீராகக் கொடுத்தது. கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் அவளுக்கு ஷிப்ட் இன்சார்ஜ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இரண்டாம் ஷிப்ட், முடிந்து திரும்ப ராத்திரியாகும், கம்பெனி பஸ் தொரப்பள்ளிக்கு வராது. லைட் எரிந்தால் வேலை உண்டு. எரியாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். வேலை உறுதியான பிறகுதான் லைட் மினுக்க ஆரம்பித்தது. தன் ராசி அப்படி என்று அவள் நொந்துகொண்டாள்.

ஹரீஷ்குமார் முதலில் பல்ப் என்றான். பிறகு, என்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் என்றான். நடுவில் ரூட் காஸ், ஃபெயிலியர் மோட் என்று மீட்டிங்கில் கேட்ட வார்த்தைகளை எல்லாம் என்ஜின்மேல் கொட்டினான். என்ஜின் அசைந்து கொடுக்கவில்லை. பாகலூர் ரோட்டில் ராமப்பன் மெக்கானிக் கடையில் காட்டலாம் என்று அனிதா சொன்னபோது, ரோட்டோரக் கடையில் வண்டியை விடுகிற ஆள் தான் இல்லை என்று மூக்கைச் சுளித்தான். வெள்ளையம்மா திருஷ்டி என்றாள். மகனுடைய கண்டுபிடிப்புகளுக்கு அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பைப் பிசைந்துகொண்டே தீர்ப்பைச் சொன்னான்.

"முழு ஒயரிங்கும் போயிடுச்சு அனிதா. ஹைவேல லைட்டு நின்னுபோச்சுன்னா என்னா பண்ணுவ? இந்த வேல இல்லன்னா இன்னொண்ணு. போன் போட்டு வரலன்னு சொல்லிடு."

சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டான். தின்று முடித்துப் போய்ப் படுத்துக்கொண்டான். எத்தனை அக்கறை! அவனுடைய குறட்டையில்கூட அந்த அக்கறை கேட்டது.

கல்யாணத்துக்கு முன் அனிதாவும் சிப்காட்டில் நின்றவள்தான், காருக்கு ஒயர்க்கட்டு செய்யும் லைனில். அதை அந்த வீட்டில் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, வைத்திருந்தால் மரியாதை கொடுக்க வேண்டியிருக்குமே. அவள் ஷெட்டுக்குப் போய் என்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டாள். நிழலில் சுவர்மேல் விழுந்த இரண்டு வெளிச்சமும் ஒரே நேரத்தில் துடித்தன. இரண்டு பல்பும் பேசி வைத்துக்கொண்டா கெடும்? என்ஜினை அணைத்துவிட்டு முன்பக்கத்தைக் கையால் தட்டினாள். அப்போதும் துடித்தது. ஆக, ஆல்டர்னேட்டரும் இல்லை, எங்கோ ஒரு இணைப்பு ஆடுகிறது. ஒரு நீள ஒயரை எடுத்து, பேட்டரியின் மைனஸிலிருந்து லைட்டின் கறுப்பு ஒயருக்கு நேராகக் கொடுத்துவிட்டு மறுபடி தட்டினாள். வெளிச்சம் அசையாமல் நின்றது.

எர்த்தில்தான் கோளாறு, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பில். கறுப்பு ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பேட்டரிக்குக் கீழே, ஒயர்கள் வந்து பாடியில் சேரும் போல்ட். விரலால் திருகினாள், திரும்பியது. அப்பாடா என்றிருந்தது. ஸ்பேனரை எடுக்கத் திரும்பியவள் நின்றாள். செல்போன் டார்ச்சை அடித்து, திருகினதைப் பழையபடி திருப்பி வைத்துப் பார்த்தாள்.

சுற்றிலும் தூசி. போல்ட்டின் தலை மட்டும் துணியால் துடைத்தாற்போல் இருந்தது. அதன்மேல் ஒரு மஞ்சள் கோடு. போல்ட்டிலிருந்து பாடிவரை நேராக, விலகாமல், அழகாக இருந்தது. அந்த நிலையிலும் போல்ட் விரலுக்கு ஆடியது.

தானாகத் தளர்ந்த போல்ட் என்றால் கோடு விலகியிருக்கும். இது தளர்ந்த பிறகு போட்ட கோடு. துடைத்துவிட்டுக் கோடு போடுகிற ஆள் அந்த வீட்டில் ஒருவன்தான். பெண்டாட்டியின் வேலைக்குக் குழி பறிக்கும்போதும் கை தன் பாட்டுக்குக் கோடு போட்டிருக்கிறது. அவளுக்குக் கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு. கள்ளத்தனம் செய்யக்கூடத் துப்பில்லாத ஒருத்தனோடா இத்தனை நாள் குடித்தனம் செய்தோம் என்று நினைத்தாள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கினாள். கோடு இரண்டாக விலகியது. பிறகு உள்ளே போய் டீக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு அவனை எழுப்பிக் கூட்டிவந்தாள். வெள்ளையம்மாவும் பின்னால் வந்தாள். அனிதா லைட்டைப் போட்டு, முன்பக்கத்தை ஓங்கித் தட்டினாள். லைட் நிலையாக எரிந்தது.

"எர்த் போல்ட்டு லூஸு. கையில திருவுனாலே வந்துட்டுது" என்றாள்.

"வண்டி ஆட்டத்துல லூஸாவறதுதான்" என்றான் அவசரமாக.

"ஆவும். ஆனா கோடு நேரா இருந்துச்சு."

ஹரீஷ்குமார் பானெட்டுக்குள் பார்த்தான். விலகிக் கிடந்த கோட்டைப் பார்த்தான். அதற்கப்புறம் தலையை நிமிர்த்தவில்லை.

"லூஸ் போல்ட்டுக்குக் கோடு போட்டவன உங்க கம்பெனில என்னா பண்ணுவாங்க?"

"லைன்ல இருந்து எறக்கிடுவாங்க" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

வெள்ளையம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, திருஷ்டி கழிந்ததா என்று கேட்டாள். கழிந்துவிட்டது என்றாள் அனிதா. அவன்முன் கையை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பையில் இருந்த மார்க்கரை அவன் எடுத்துக் கொடுத்தான். பழைய கோட்டைத் துடைத்துவிட்டு அவள் புதிதாக ஒன்று இழுத்தாள். நாளையிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை அவனே போட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மார்க்கரை அவள் திருப்பித் தரவில்லை. அது ஸ்பேனரோடு காரிலேயே இருக்கிறது. தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் ஷெட்டில் பானெட்டைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்க்கிறாள். ஃபேக்டரியில், யார் எவர் என்று தெரியாத ஆட்களுக்கு நடுவே வண்டி அத்தனை நேரம் நிற்கிறது. அங்கிருந்து கிளம்பும்போது அவள் திறந்து பார்ப்பதில்லை.