பெட்டி சொன்ன காரணம்

அலோசியஸ் மன்னாரில் வலை இழுத்தவன்; மாட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. விதி அவனை ஜெர்மனியில், பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில், பிரிங்க்மன் என்ற பண்ணைக்காரரின் பசுக்களைக் கறக்க வைத்தது. அகதி வழக்கு இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை போனால் விசாவும் போகும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, சுந்தரராஜன் என்ற இந்திய எஞ்சினியர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டிலில் வைத்தார். எந்தப் பசுவுக்கு நோய், ஏன் நோய் என்று அது தானாகவே யோசித்துச் சொல்லுமாம். பிரிங்க்மனுக்கு அது சொன்னது விளங்கவில்லை. விளங்காததை நம்புகிற ஆள் அவரில்லை. சுந்தரராஜனுக்கோ ஜெர்மன் அரைகுறை; ஜெர்மன் நன்றாகப் பேசும் அலோசியஸைப் பிடித்துக்கொண்டார்.

"காரணங்களை உங்க முதலாளி பேசுற மாதிரியே எழுதிக் குடுங்க சார். ஃபார்மருக்குப் புரிஞ்சாத்தான் ட்ரஸ்ட் வரும்."

படித்த மனிதர் ஒருவர் 'சார்' என்றதில் அலோசியஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதலாளி நாள் தவறாமல் அவன்மேல் எரிந்துவிழும் வசனத்தையும் வேடிக்கைக்கு எழுதிச் சேர்த்தான்: 'கறக்கிறவன் மடியை ஒழுங்காகத் துடைக்கவில்லை.' அதைத் திரையில் கண்ட பிரிங்க்மன் வயிறு குலுங்கச் சிரித்தார். பெட்டி அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அயல் பண்ணைக்காரர்கள் பெட்டியைப் பார்க்க வந்த அன்று, நல்ல பசு ஒன்றுக்கு மடி வீங்கிக் கிடந்தது. கறவை மெஷினில் காம்பைக் கவ்வும் ரப்பர் வெடித்திருந்தது. அதை மாற்றச் சொல்லி அலோசியஸ் மாரிகாலம் முழுக்கக் கெஞ்சியிருந்தான். ரப்பரைப் பற்றிப் பெட்டிக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. தனக்குத் தெரிந்த காரணங்களில் ஒன்றை எடுத்துப் போட்டது. அவன் எழுதிய அதே வசனம்.

அவன் சுந்தரராஜனை ஓரமாக இழுத்தான். "அண்ணை, இது ரப்பராலை வந்தது. பெட்டி குத்துமதிப்பாத்தான் சொல்லுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. என்ரை விசா இந்த வேலையிலைதான் நிக்குது."

"இவங்களுக்கு டவுட் வந்தா என் ப்ராஜெக்ட் க்ளோஸ் சார்." சாருக்கு மட்டும் குறைவில்லை.

வந்தவர்களில் ஒரு கிழவர், இந்தப் பெட்டியை நம்பலாமா என்று கேட்டார். "தாராளமா நம்பலாம்னு சொல்லுங்க," என்றார் சுந்தரராஜன். எல்லோரும் அலோசியஸின் வாயைப் பார்த்தார்கள். பிரிங்க்மனும் பார்த்தார். நல்லபடியாகச் சொன்னால் முதலாளி மனம் இரங்குவார் என்று நினைத்தான், பாவி.

"நம்பலாம்," என்று தெளிவான ஜெர்மனில் சொன்னான். "இது பொய் சொல்லாது."

பிரிங்க்மன் அவன் தோளில் தட்டினார். "நீயே ஒத்துக்கொண்டுவிட்டாய்," என்றார். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார்.