கிதியோனின் முழங்கால்

போதகர் கண்ணை மூடிக்கொண்டு, “கர்த்தாவே, கிதியோனின் முழங்காலைத் தொட்டருளும்” என்று ஜெபித்தபோது, அந்த முழங்கால் சுலு வேட்டிக்குள் என் பக்கத்திலேயே கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள்தான் சிகடோக்கா மணல்மேட்டில் நான் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட, இவன் உச்சிவரை ஓடி ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறினான்.

“ஏன்டா மச்சான், கால் போச்சுன்னு ஊரையே அழ வச்சே. இப்ப ஆடு மாதிரி ஏறுற?” என்று அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

“கால்ல ஒண்ணுமில்ல மச்சான்.” மணலைப் பார்த்தபடியே சொன்னான். “ஃபிஜிக்கு ரக்பி ஆடப் போனா அடுத்த ஒப்பந்தம் கிடையாதுங்கறான் பிரான்ஸ் கிளப்காரன். அவன் தடுத்ததா வெளிய தெரியக்கூடாதாம். நானே முடியலன்னு சொல்லணுமாம்.”

“சொல்லிட்ட.”

“புள்ளைங்க படிப்பு அங்கதானே.”

நாட்டின் வெள்ளைச் சட்டையை இவன் போட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அழைப்பு வந்தபோதெல்லாம் முழங்கால். இப்போது உலகக் கோப்பைக்கு மறுபடி அழைத்திருக்கிறார்கள். முகாம் திங்கட்கிழமை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இனி ஒரு அழைப்பு வராது. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஜெபம் முடிந்து போதகர் கேட்டார். “நாளைக்குக் கிதியோனுக்காக உபவாசம் இருக்கிற பெண்கள் யார் யார்?”

முதலில் கை தூக்கியவள் லோசலினி. என் மனைவி, இவனுடைய தங்கை. வயதுக்கு வந்தபின் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவது எங்களிடம் இல்லை. அவள் அவனுக்குச் சொல்வதெல்லாம் என் காது வழியாகத்தான் போகும். அந்தக் கையைப் பார்த்ததும் கிதியோன் எழுந்துவிட்டான்.

“யாரும் பட்டினி கிடக்க வேணாம். என் கால் நல்லா இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. சோத்துக்குப் பயந்து பொய் சொன்னேன். நாளைக்கு முகாமுக்குப் போறேன்.”

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் வேதப்புத்தகத்தை மூடி, பாட்டுக்குக்கூட நிற்காமல் வெளியே போய்விட்டார்.

சீமைப்பலா மரத்தடியில் நின்று, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில், தன்னைப் பிரான்ஸ் கிளப்பில் சேர்த்துவிட்ட முகவருக்குப் போன் போட்டான்.

“நல்லா யோசி கிதியோன். இந்த வயசுல வேற எவனும் உன்னைக் கூப்பிடமாட்டான்.”

“கால் நல்லா இருக்குன்னு கிளப்ல சொல்லிடுங்க.”

“அப்ப இங்க திரும்பி வர வேணாம்.”

“என் செருப்பு அங்க கெடக்கு. அதை மட்டும் அனுப்புங்க” என்று வைத்துவிட்டான்.

லோசலினி என் முன்னால் வந்து நின்றாள். பார்வை என் மேல், குரல் ஊருக்கே கேட்கும்.

“உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க, ஆண்டவர்கிட்டயே எங்களப் பொய் சொல்ல வச்சிட்டார்னு. இதுக்கு மன்னிப்பு கெடையாது.”

“கேட்டுச்சா மச்சான்?” என்றேன். லோசலினி அதோடு விடவில்லை.

“நாளைக்கு உபவாசம் இருக்கத்தான் போறேன். இந்தத் தடவை அவர எதுத்து ஆடப்போறவன் முழங்காலுக்காக. பாவம், அவனுக்கு யாரு இருக்கா?”

கிதியோன் சிரித்துவிட்டான். சுலுவை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் பந்தைத் தொட மாட்டார்கள், ஓடக்கூட மாட்டார்கள். அவன் ஓடினான். ஈரப் புல்லில் வெறுங்காலோடு, கையில் இல்லாத பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோடியிலிருந்து கோடிக்கு. தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த போதகர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.