ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் காவல்

தக்கலைக்கு மேற்கே எங்கள் ஊரில் கோழி திருட்டுப் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஊர் மொத்தமும் ஆராதனையில் இருக்கும்; போதகர் நேசையனின் பிரசங்கம் இழுத்துக்கொண்டே போகும். திருடனுக்கு இதைவிட நல்ல சந்தை நாள் எங்கே கிடைக்கும்?

சத்தியபாயின் சேவலும் போனபிறகு, தேங்காய் வியாபாரி ஜான்ரோஸ் காவல் சங்கம் தொடங்கினார். வாரம் ஒரு வீட்டார் ஆராதனைக்குப் போகாமல் தெருவைப் பார்க்க வேண்டும். காவல் என்றால் பலாமர நிழலில் கால்நீட்டி மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்பது என்று முதல் வாரமே தெரிந்துபோயிற்று. அப்புறம் முறைக்கு அடிதடி.

“கள்ளன் தனியா வருவான்னு ஆரு சொன்னா? படையா வந்தா என்ன செய்விய?” என்று சொல்லி அடுத்தடுத்த வீடுகளும் சேர்ந்தன. மழைக்காலம் முடிவதற்குள் ஊரே காவலில் நின்றது.

திருட்டு அடியோடு ஒழிந்தது. ஆலயத்தில் போதகரும், முன்பெஞ்சில் மாசிலாமணியும் மட்டும். கோழித்திருடன் அவன்தான். வெளியே ஒதுங்க இடமில்லாமல் உள்ளே வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு மிஷன் துரை வருகிறார். காலிப் பெஞ்சைக் கண்டால் ஆலயத்தைப் பூட்டிவிடுவார். போதகர் மாசிலாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மக்கா, ஒரேயொரு கோழி எடு. காவலால பிரயோசனம் இல்லைன்னு ஊருக்குத் தெரியட்டு.”

“களவு செய்யாதிருப்பாயாகன்னு எட்டாம் கற்பனையைப் படிச்சுத் தந்ததே நீருதானே அய்யா? நான் திருந்தியாச்சு.”

“கோழி வேண்டாம். ஒரு முட்டை?”

“முட்டைக்கும் சேத்தாக்கும் கற்பனை.”

பேரம் படியவில்லை. போதகர் தாமே இறங்கினார். சத்தியபாயின் கூட்டைத் திறந்து, ஒரு பெட்டைக்கோழியை அங்கிக்குள் விட்டுக்கொண்டு நடந்தார். அது கொக்கரித்தது. காவல் சங்கம் வளைத்துக்கொண்டது.

“ஏட்டி சத்தியபாயி, அய்யாவுக்க வயித்துக்குள்ள உனக்க கோழியாக்கும் சத்தம் போடுது!”

“காவல் போட்டா கள்ளன் ஆப்புடுவான்னு நான் சொன்னேனா இல்லியா?” என்று ஜான்ரோஸ் மீசையைத் தடவினார்.

போலீசில் கொடுத்தால் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஆள் இல்லை. சும்மா விட்டால் கோழி இல்லை. கடைசியில் ஜான்ரோஸ் தீர்ப்புச் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை இந்த ஆளுக்க மேலதான் காவல். முதல் பாட்டு தொட்டு கடைசி ஆமென் வரைக்கும் ஒருத்தனும் கண்ணை எடுக்கப்பிடாது.”

கோழிகளுக்கு மாசிலாமணியைக் காவல் வைத்தார்கள். பிரசங்கத்தை முழுசாகக் கேட்டவன் ஊரில் அவன் ஒருவன்தானே.

துரை வந்தபோது பெஞ்சு நிறைந்து சன்னலிலும் தலைகள். ஒருவரும் தூங்கவில்லை, ஒருவரும் போதகரைவிட்டுப் பார்வையைத் திருப்பவில்லை. இத்தனை கருத்தான சபையை எப்படி உண்டாக்கினீர் என்று துரை வியந்து கேட்டார்.

“எல்லாம் காவல் சங்கத்தின் தயவு,” என்றார் போதகர்.