ஒன்பதாவது ஃபாரம்

அச்சாகும் கதையை அச்சகத்தில் யாரும் படிக்கக் கூடாது. முதலாளி போட்ட சட்டம். கதை வெளியே கசிந்துவிடுமாம். ஒருமுறை அட்டையைப் போட்டோ எடுத்த பேக்கிங்காரனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காலையில் எங்கள் போன்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பெரிய தாள் ஒன்றை மடித்தால் பதினாறு பக்கம், அது ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரமாக அச்சாகி எங்கள் மேசைக்கு வரும். ஒரு புத்தகத்துக்கான பதினெட்டும் வந்ததும் வரிசையாக அடுக்கித் தைக்க அனுப்புவது என் வேலை.

ஆனால் நான் படித்தேன். பேத்தி வீட்டில் போட்டு வைத்திருந்த முதல் பாகத்தைச் சும்மா புரட்டப் போய், இரண்டு மாதத்தில் முடித்துவிட்டேன். உப்புக்குள் புதைந்த ஒரு நகரம். அதைத் தேடிப் போகும் ஒரு பெண், கூட அவள் அண்ணன். மந்திரம் தந்திரமெல்லாம் எனக்கு ஆகாது. எனக்குப் பிடித்தவள் ஓடக்காரி. எவனுக்கும் அடங்காத வாய். கடைசியில் அந்த அண்ணன் தங்கை இரண்டு பேரையும் கரையில் தள்ளிவிட்டு ஆற்றுப் பாம்புக்கு இரையாகிப் போனாள். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருமகள் டாக்டரிடம் போகலாம் என்றாள்.

அதனால் இரண்டாம் பாகம் மேசைக்கு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தாள்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நாளுக்கு அரை ஃபாரம் படித்தேன். முதல் பாகத்தை விட இது நன்றாகவே இருந்தது. அண்ணன்காரன் மலைக்குள் போகிறான், கல் கதவு மூடிக்கொள்கிறது, தங்கை வெளியே நின்று நகத்தால் பிறாண்டுகிறாள். எட்டாவது ஃபாரம் அங்கே நின்றது.

ஒன்பதாவது வந்ததும் பிரித்தேன். ஓடக்காரி உயிரோடு இருந்தாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். முந்தின பக்கத்துக் கடைசி வரி இதோடு ஒட்டவில்லைதான். என் படிப்பின் லட்சணம், எங்கேயோ ஒரு வரியை விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கம் தள்ளி அவளுக்குத் துடுப்பு எடுத்துக் கொடுக்கிறான் அண்ணன். மலைக்குள் அடைபட்டுக் கிடப்பவன்.

பக்க எண் 129, சரி. மேலே தொடரின் பெயர், சரி. மடிப்பின் முதுகில் வரிசை காட்டும் கறுப்பு அடையாளம், அதுவும் சரி. வீட்டுக்குப் போய்ப் பேத்தியின் முதல் பாகத்தை அதே பக்கத்தில் பிரித்தேன். எழுத்துக்கு எழுத்து அதேதான். முதல் பாகத்தையும் மறுபதிப்புக்காகப் பக்கத்து மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சுத் தகடு மாறிவிட்டது.

"என்ன தாத்தா, என் புக்க மூக்குல ஒட்டி வச்சிருக்கீங்க?"

"கண்ணு தெரியுதான்னு பாக்கறேன்."

"ரெண்டாம் பாகம் உங்க எடத்துலதான ஓடுது? அதுல ஒரு வார்த்த வெளிய விட்டீங்க, அப்புறம் உங்களோட பேச்சே கெடையாது."

சொன்னால் படித்தது தெரிந்துவிடும். வேலை போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அங்கே வேறு எவனும் படிப்பதில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் இவளும் இவளைப் போல ஆயிரம் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். வரி ஒட்டாது. தங்கள் படிப்புதான் மட்டம் என்று அதில் எத்தனை பிள்ளைகள் நினைத்துக்கொள்ளுமோ. நான் நினைக்கவில்லையா.

காலையில் சூப்பர்வைசரிடம் போனேன்.

"சார், ஒம்பதாவது தப்பு."

"என்ன தப்பு? மடிப்பா, மையா?"

"கதை."

கண்ணாடியைக் கழற்றினார். "கதைய பத்தி உங்களுக்கு என்ன தெரியும் பெரியவரே?"

"ஓடக்காரி செத்துட்டா சார். இதுல துடுப்பு போட்டுட்டு இருக்கா."

சிரித்துக்கொண்டேதான் கம்ப்யூட்டரில் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மெஷினை நிறுத்தச் சொல்லி ஓடினார்.

முதலாளி வந்தார். "நல்ல வேளை சொன்னீங்க" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பின்னாலேயே ஒன்று வரும்.

"எத்தன ஃபாரம் படிச்சீங்க?"

"இதோட ஒம்பது."

"வெளிய யாருகிட்டயாவது?"

"என் பேத்திகிட்ட கூட இல்ல."

"நம்பறேன். ஆனா உங்கள விட்டா நாளைக்கு எல்லாரும் படிப்பாங்க."

நம்புகிறவர் பேசுகிற பேச்சா அது? சாயங்காலம் கணக்கை முடித்துக்கொண்டு நான் கிளம்பும்போது, மறுபடி அச்சான ஒன்பதாவது ஃபாரம் தள்ளுவண்டியில் என்னைத் தாண்டித்தான் போனது. தொட முடியவில்லை. வாசல் காவல்காரன் என் டிபன் பாக்ஸைக் கூடத் திறந்து பார்த்தான்.

"மிச்சம் தலைக்குள்ள இருக்கு, அதையும் தடவிப் பாரு" என்றேன்.

"கோச்சுக்காதண்ணே, என் பொழப்பும் இதான" என்றான்.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் வெளியானது. பேத்தி ஜன்னல் ஓரம் படித்துக்கொண்டிருந்தாள். 128 வந்ததும் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். பக்கத்தைத் திருப்பினாள். நிற்கவே இல்லை. கண் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"என்ன தாத்தா, அப்படிப் பாக்கறீங்க?"

"வரி ஒட்டுதா?"

"ஒட்டாம என்ன?"

"அண்ணன் வெளிய வந்தானா?"

அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். "படிச்சிட்டீங்களா?"

"எட்டுதான் படிச்சேன். அப்புறம் எனக்கும் தெரியாது."

என்ன எட்டு என்று அவளுக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. "நான் முடிக்கிற வரைக்கும் காத்திருங்க" என்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

காத்திருக்கிறேன். எனக்கு இப்போது வேறு வேலை ஏது.