வாக்கெடுப்பில் வென்ற விடை

எங்கள் குழுவில் எது சரியான விடை என்பதை வாக்கெடுப்பு வைத்துத்தான் முடிவு செய்வார்கள். சிரிக்காதீர்கள். அலெக்ஸாந்திரியாவின் நர்ஸுகளில் பாதிப் பேர் அந்த டெலிகிராம் குழுவில் இருக்கிறார்கள். வளைகுடாவில் வேலைக்குப் போக உரிமத் தேர்வில் தேற வேண்டும். எழுதி முடித்தவர் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, அது எங்கள் சட்டம். தேர்வு மையத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்து, வந்த கேள்விகளை மறப்பதற்குள் கக்கிவிட வேண்டும். உஸ்தாஸ் என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் ரெஃபாத் அவற்றை வாங்கி, விடையோடு எங்கள் கேள்வித் தொகுப்பில் சேர்ப்பார். விடையில் சந்தேகம் வந்தால் வாக்கெடுப்பு. நானும் அந்தத் தொகுப்பைப் படித்தவள்தான், யோக்கியம் பேச வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்குத் திடீரென்று குளிர் நடுக்கம் வருகிறது. முதலில் என்ன செய்வாய்? டாக்டரிடம் சொல்வேன் என்றது தொகுப்பு. ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை என்று நான் மல்லுக்கட்டினேன். உடனே வாக்கெடுப்பு. என் பக்கம் விழுந்த வாக்குகளை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

என் வார்டிலேயே வேலை பார்க்கும் ஷாஹிந்தாகூட டாக்டருக்குத்தான் வாக்குப் போட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள், இதுதான் கடைசி வாய்ப்பு. ரியாத்தில் ஓர் ஆஸ்பத்திரி இந்த மாதம் வரைக்கும்தான் அவளுக்காக வேலையைப் பிடித்து வைத்திருந்தது.

அந்த வாரமே எங்கள் வார்டில் ஒரு கிழவருக்கு ரத்தம் ஏறும்போது உடம்பு தூக்கிப் போட்டது. நான் கட்டிலை நெருங்குவதற்குள் ஷாஹிந்தா குழாயை அடைத்துவிட்டாள். அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டாள். கிழவர் தப்பினார்.

"இப்ப மொதல்ல என்னடி பண்ணின?" என்று கேட்டேன்.

"ரத்தத்த நிறுத்தினேன்."

"பரிட்சையில என்ன போடுவ?"

"டாக்டர்கிட்ட சொல்லணும்னு."

"கைக்குத் தெரிஞ்சது ஒன் மண்டையில ஏறலியா?"

"இது ஆஸ்பத்திரி இனாஸ், அது பரிட்சை. ரெண்டும் வேற வேற. அத்தன பேரு சொல்றது பொய்யி, நீ ஒருத்தி சொல்றதுதான் நெசமா?"

ஞாயிற்றுக்கிழமை நான் தேர்வு எழுதினேன். அந்தக் கேள்வி வந்தது. ரத்தத்தை நிறுத்து என்பதை அழுத்தினேன். முடிவு உடனே திரையில் வந்தது, தேறியும்விட்டேன். வெளியே வந்ததும் காப்பிக் கடைக்கு ஓடினேன்.

"உஸ்தாஸ், ரத்தக் கேள்வி வந்துச்சு. நிறுத்தணும்னுதான் போட்டேன், பாஸாயிட்டேன். இப்பவாவது அத மாத்துங்க."

"மப்ரூக், வாழ்த்துகள் மிஸ் இனாஸ்! எந்தக் கேள்விக்கு மார்க் விழுந்துச்சுன்னு காட்டினாங்களா?"

"இல்ல."

"அப்ப அந்த ஒண்ணுல கோட்டை விட்டிருப்பீங்க. மத்ததுல தொகுப்பு உங்களக் காப்பாத்திடுச்சு. அல்லாவுக்கு நன்றி சொல்லுங்க."

அதோடு விட்டாரா மனுஷன்? 'மிஸ் இனாஸ் தேறினார். ரத்தக் கேள்வி தொகுப்பில் உள்ளபடியே வந்தது' என்று குழுவின் உச்சியில் ஒட்டிவிட்டார். வாழ்த்துகள் வந்து குவிந்தன. என் பெயரே அந்தத் தப்பு விடைக்குச் சாட்சியாகிவிட்டது. ஆத்திரத்தில் மேசையில் ஓங்கி அடித்தேன், தேநீர்தான் கொட்டியது. குழுவில் மறுத்து எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஷாஹிந்தாவை போனில் பிடித்தேன்.

"நீ பாஸாயிட்ட, என்ன வேணாலும் பேசலாம்," என்றாள். "ஒன் பேச்சக் கேட்டு என் கடைசி வாய்ப்ப சூதாடச் சொல்றியா?"

புதன்கிழமை அவள் எழுதினாள். விடுப்புப் போட்டுவிட்டுக் காப்பிக் கடையில் காத்திருந்தேன். சாலையைக் கடந்து வரும்போதே முகம் செத்திருந்தது.

"ஒரு மார்க்குல போச்சு," என்று நாற்காலியில் விழுந்தாள்.

ரெஃபாத் அவளுக்குத் தேநீர் சொன்னார். கைபேசியையும் எடுத்துக்கொண்டார்.

"அழாதீங்க மிஸ். மறக்கறதுக்குள்ள சொல்லிடுங்க, அடுத்தவங்களுக்கு உதவும். என்னென்ன வந்துச்சு?"

சட்டத்தை மீறாதவள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரத்தக் கேள்வியும் வந்திருந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லணும்னு போட்டேன்."

"ரொம்பச் சரி," என்றார் ரெஃபாத்.

ஷாஹிந்தா ஈரக் கண்ணோடு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா இனாஸ்? அதுலயாவது நான் தப்பு பண்ணல."