சுவருக்கும் தலைக்கும் நடுவே நான்கு விரல்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கழுத்து எதற்காக இருக்கிறதென்றே தெரியவில்லை என்பது சதுர்னியின் கட்சி. பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ரொட்டிக்கடை வரிசையிலும் அப்படித்தான். எதிரே வருகிறவனுக்கு ஒரு வணக்கம் கிடையாது. விளக்குக்கம்பத்தில் போய் இடித்துக்கொள்வார்கள், பிறகு கம்பத்தையே முறைப்பார்கள். போனைக் கையில் எடுத்த அன்றைக்கே மனுஷன் பாதி கோழியாகிவிட்டான், மீதி பாதியும் ஆகிக்கொண்டிருக்கிறான் என்று அவர் மதுக்கடையில் சொல்லாத நாளில்லை.

சதுர்னிக்கு வயது அறுபத்தெட்டு. பள்ளிக்கூடத்தைப் பத்து வயதில் விட்டவர். நாற்பத்தைந்து வருடம் சுவர் பூசியவர். டாக்டர், வக்கீல், வானிலை அறிக்கை மூன்றையும் நம்பமாட்டார். தூக்குக்குண்டை நம்புவார், தன் நெஞ்சை நம்புவார். அந்த நெஞ்சுக்கு வில்லாசேவ் ஊரில் ஒரு மரியாதை உண்டு. கடுகுநிறச் சட்டைக்காரர்கள் என்று பெயரெடுத்த ஆள்தோளில் ஆள் ஏறிக் கட்டுகிற மனிதக் கோபுரச் சங்கத்தில் அவர் இருபத்தாறு வருடமாக முட்டு.

கோபுரத்துக்குக் கடைக்காலாக நான்கு பேர் நிற்பார்கள். மேலே ஏறுகிற பாரமெல்லாம் அந்த நான்கு பேர் தோளில்தான். அவர்களில் ஒருவன் கசாப்புக்கடை ஈசெர்ன். அவன் முதுகில் தன் நெஞ்சை ஒட்டி அழுத்தி, இடுப்பைக் கட்டிப்பிடித்து, தலையை இடப்பக்கம் திருப்பி அவன் கழுத்தோரம் புதைத்துக்கொண்டு நிற்பது சதுர்னியின் வேலை. ஈசெர்ன் அசையவேண்டுமென்றால் சதுர்னி முதலில் அசைய வேண்டும். சதுர்னி இதுவரை அசைந்ததில்லை.

போன வருடத் திருவிழாவில் கோபுரம் சரிந்தபோது அடியில் நின்ற இரண்டு பேருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதனால் இந்த வருடம் சங்கத் தலைவன் ஒலெகேர், ரெமெய் என்ற பிசியோதெரபிப் பெண்ணைக் கூட்டிவந்தான். திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பயிற்சிக்கு வந்த அத்தனை பேரையும் அவள் சங்கக் கூடத்துச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினாள்.

"குதிகால், முதுகு, பின்மண்டை மூணும் சுவத்துல படணும். மோவாயைத் தூக்கக் கூடாது. தலைக்கும் சுவருக்கும் நடுவுல எத்தன விரல் போகுதுன்னு பாப்பேன். ரெண்டு விரலுக்கு மேல போனா கோபுரத்தடி உள்வட்டத்துல நிக்க முடியாது."

இளவட்டங்கள் ஒவ்வொன்றாக மாட்டின. மூன்று விரல், இரண்டரை, மறுபடி மூன்று. சதுர்னி பக்கத்தில் நின்று வர்ணனை கொடுத்தார்.

"கழுத்தாடா அது? வாடின வெங்காயத் தாளு! ராவும் பகலும் அந்தக் கண்ணாடியையே நக்கிக்கிட்டிருந்தா வேற எப்பிடி இருக்கும்?"

"உங்க முறையும் வரும் பெருசு" என்றான் வரிசையில் ஒருவன்.

"வரட்டுமே! என் வீட்டுப் போனு சுவத்துல தொங்குது. பேசணும்னா நிமிந்து நின்னுதான் பேசணும்."

முறை வந்தது. குதிகால் பட்டது, முதுகு பட்டது. தலை படவில்லை. அழுத்தினார். மோவாய் மேலே போனது.

"மோவாய்!" என்றாள் ரெமெய். மோவாயை இறக்கியதும் தலை முன்னால் வந்துவிட்டது. அவள் விரலை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

வரிசையில் நின்ற இளவட்டங்கள் எட்டிப் பார்த்தன.

"சுவரு கோண..." என்று ஆரம்பித்தார் சதுர்னி.

"அண்ணே, இந்தச் சுவத்தப் பூசினதே நீங்கதான்" என்றான் ஈசெர்ன்.

அவ்வளவுதான், கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. சதுர்னி வாயை மூடிக்கொண்டார். கழுத்தை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார், அந்தச் சுவரை விட்டுக்கொடுக்க அவரால் முடியாது. நூல் பிடித்துப் பூசிய சுவர்.

ரெமெய் மட்டும் சிரிக்கவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பச் சொன்னாள். பாதியில் நின்றது. வலது கையின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தாள். காகிதம் வெண்ணெயில் இருந்து வருகிறமாதிரி வந்துவிட்டது.

"இந்த ரெண்டு விரலும் மரத்துப்போகுதா?"

"இல்ல."

"எவ்வளவு நாளா?"

"குளிர்காலத்துலேருந்து" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தலையைக் குனிஞ்சு எதையாவது பாக்குறீங்க?"

"நானா? ஒரு நிமிஷம் கிடையாது."

ஈசெர்ன் காதைச் சொறிந்தான். "அப்ப அந்தச் சீட்டு?"

"எந்தச் சீட்டு?"

"மக வாங்கிக் குடுத்த டேப்லெட்டுல ஆடுவீங்களே, பொத்திஃபாரா சீட்டாட்டம். நேத்து மத்தியானம் நானும் உங்களோட ஆடினேன். கடையத் தொறந்து, யாவாரத்த முடிச்சு, மூடிட்டு வந்து பாத்தா அப்பவும் ஆடிக்கிட்டிருக்கீங்க."

"அது சீட்டுடா மடையா! சீட்டுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்? எங்கப்பனுந்தான் சீட்டாடினான்."

"எப்படி உக்காந்து ஆடுவீங்க?" என்று கேட்டாள் ரெமெய்.

"உக்காரறதில்ல. சோபாவுல படுத்துக்கிட்டு."

"தலைக்கு?"

"தலகாணி."

"ஒண்ணா?"

சதுர்னி கூரையைப் பார்த்தார். "மூணு."

இந்தத் தடவை சிரித்தவர்கள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒலெகேர் அவர்களை அடக்கிவிட்டு, மெதுவாக, வாத்தியார் என்பதால் வாத்தியார் மாதிரியே சொன்னான்: திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி அளப்பார்கள். இரண்டு விரலுக்குள் வந்தால் முட்டு. வராவிட்டால் ஈசெர்னின் முதுகுக்கு வங்கியில் வேலை பார்க்கிற பையன் வருவான், சதுர்னி வெளிவட்டத்தில் நிற்கலாம்.

வெளிவட்டம்! ஊர் பார்க்க வந்த சுற்றுலாக்காரன் ஐஸ்கிரீமைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுக்கிற இடம் அது.

"அதுக்கு நான் வீட்டுலயே இருக்கேன்" என்று வெளியே வந்துவிட்டார். ரெமெய் கொடுத்த உடற்பயிற்சிக் காகிதத்தை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டார்.

ஈசெர்ன் பின்னாலேயே ஓடிவந்தான். "அண்ணே, அந்தப் பையன் நல்லவன்தான். ஆனா மூச்ச வேற எப்பவோ விடுறான். நீங்க மூச்ச விடும்போதுதான் நான் விடுவேன். இத்தன வருஷமா அப்பிடித்தான். நீங்க இல்லேன்னா எனக்கு முதுகு குளிரும்."

"கோட்டுப் போட்டுக்க" என்றார் சதுர்னி. தெருமுனை வரை போனார். ஈசெர்ன் உள்ளே போய்விட்டானா என்று பார்த்தார். திரும்பி வந்து குப்பைத்தொட்டியில் கையை விட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போலத் தக்காளி தேய்த்த ரொட்டியைத் தின்றுவிட்டு சோபாவில் சாய்ந்தார். மூன்று தலையணை, நெஞ்சின்மேல் நிறுத்திப் பிடித்த டேப்லெட். நல்ல கை விழுந்திருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் வலது கை விரல்கள் மரத்து, டேப்லெட் நழுவி மூக்கின்மேல் விழுந்தது. மூக்கைத் தேய்த்துக்கொண்டு தலையைத் திருப்பியபோது எதிர் அலமாரிக் கண்ணாடியில் ஒரு கிழவன் தெரிந்தான். மோவாய் நெஞ்சில் குத்தி நின்றது, கழுத்து என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. மடித்து வைத்த சாக்கு மாதிரி கிடந்தான். பேருந்து நிறுத்தத்துக்காரர்கள்கூட இவனைவிட நிமிர்ந்துதான் நிற்கிறார்கள்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு தலையணைகளைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். டேப்லெட்டை ஃபிரிட்ஜின் மேல், ரொட்டி டப்பாவில் சாய்த்து, கண்ணுக்கு நேராக நிறுத்தினார். நின்றுகொண்டே ஆடினார். நின்று ஆடினால் முக்கால் மணி நேரத்தில் கால் கெஞ்சும், ஆட்டம் தானாக முடியும். ஐந்து மணி நேர ஆட்டக்காரர் இப்படி ஆனதும் ஆட்டப் பட்டியலில் அவர் பெயர் சரசரவென்று கீழே இறங்கியது. யாரோ ஒரு ஊர்பேர் தெரியாதவன், 'தூக்கமா பெரியவரே?' என்று எழுதிக் கேட்டான். சதுர்னி அவனுக்கு எழுதிய பதிலை அந்த டேப்லெட்டே அனுப்ப மறுத்துவிட்டது.

காலையில் கொல்லைக்கதவைச் சாத்திக்கொண்டு காகிதத்தில் போட்டிருந்தபடி செய்தார். மோவாயை உள்ளே இழுத்து, பத்து எண்ணி, விட்டு, மறுபடி இழுத்து. செய்கிறபோதெல்லாம் வாய்விட்டுத் திட்டினார், திட்டும் எண்ணிக்கையோடு சேர்ந்தே போனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பங்கரைச் சுவரில் நின்று தன் விரலையே பின்னால் விட்டுப் பார்த்தார். முதல் ஞாயிறு மூன்றரை. அடுத்த ஞாயிறு மூன்றா இரண்டரையா என்று சொல்லமுடியவில்லை, விரலும் தடித்த விரல். அந்த வாரத்தில் ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வலது கை சொன்னபடி கேட்கிறது என்று தெரிந்தது. உட்கார்ந்துவிட்டார். பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார். பிறகும் ஒருமுறை.

வெள்ளிக்கிழமை கூடத்தில் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். குதிகால், முதுகு, தலை. ரெமெய் விரலை விட்டாள். ஒன்று போனது. இரண்டாவது போகவில்லை.

"இன்னொரு தடவ அள" என்றார் சதுர்னி. அவளுடைய கணக்கில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

இரண்டாவது தடவையும் ஒரே விரல்தான். தலை இடப்பக்கம் முழுசாகத் திரும்பியது. காகிதத்தை அவள் இழுத்தபோது காகிதம் கிழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் எள் போட இடமில்லை. எட்டு நிலைக் கோபுரத்தை இந்தச் சங்கம் பதினோரு வருடமாக முழுதாகக் கட்டி இறக்கியதில்லை. ஏற்றியிருக்கிறார்கள், இறக்குவதற்குள் சரிந்திருக்கிறது. ஈசெர்ன் நடுவில் நின்றான். சதுர்னி அவன் முதுகில் நெஞ்சைப் பதித்தார். தலையைத் திருப்பினார். அது போய் அவன் கழுத்தோரம் பழைய இடத்தில் உட்கார்ந்தது. பின்னாலிருந்து நூறு பேர், இருநூறு பேர் நெருக்கினார்கள். ரெமெய்கூட எங்கோ நான்காவது வரிசையில் கைகொடுத்தாள்.

அடியில் நிற்கிறவனுக்குக் கோபுரம் தெரியாது. தெரிவதெல்லாம் முன்னால் நிற்கிறவனின் காதும் வியர்வையும்தான். ஆனால் காது கேட்கும். மரக்குழல்கள் ஊத ஆரம்பித்தால் மூன்றாம் நிலை ஏறுகிறது என்று அர்த்தம். ஈசெர்னின் முதுகு இரும்பானது. நான்காம் நிலை. ஐந்து. அவன் முழங்கால் நடுங்கியது. நடுக்கம் அவன் முதுகு வழியாக சதுர்னியின் நெஞ்சுக்கு வந்தது. இங்கேயே நில் என்று நெஞ்சு அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டது.

"மூச்சு" என்றார் சதுர்னி.

ஈசெர்ன் விட்டான். இருவரும் சேர்ந்தே விட்டார்கள்.

குழல்களின் ராகம் மாறியது. கடைசியாக உச்சிக்கு ஏறுகிற குழந்தை கையைத் தூக்கிவிட்டது, கோபுரம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். சதுக்கம் கத்தியது. சதுர்னி கத்தவில்லை, இன்னும் இறக்க வேண்டும். மேலே ஏதோ உதறியது, பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, போன வருடம் சரிந்த அதே பக்கம். வலது கை ஈசெர்னின் இடுப்பில் பூட்டுப்போல் விழுந்து கிடந்தது, அத்தனை விரலும். பாரம் தயங்கியது. திரும்பி வந்தது. பிறகு ஒவ்வொரு சுமையாகக் குறைந்து, கடைசியில் ஈசெர்னின் தோளில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

ஈசெர்ன் அழுதான். கசாப்புக்காரன் அழுதால் ஊரே பார்க்கும், பார்த்தது. சதுர்னி தலையை நிமிர்த்தி அந்தச் சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், மேயர் நின்ற மாடம் வரைக்கும். இந்த ஊரே என் நெஞ்சின்மேல்தான் நிற்கிறது என்று சொல்கிற பார்வை. அன்றைக்கு அதைப் பொய் என்று சொல்ல யாரும் இல்லை.

அரைமணி கழித்து இடுப்பில் பத்துச் சுற்றுச் சுற்றியிருந்த கறுப்புத் துணியைக் கழற்ற, முனையைப் பிடிக்க ஆள் தேடினார். ரெமெய் வந்து பிடித்தாள். அவர் சுழன்று சுழன்று விலக, துணி நீண்டது.

"உங்க அளவ சங்கக் கதவுல ஒட்டலாமா? நாலு விரல், மூணு வாரத்துல ஒரு விரல். பசங்க பாத்தாவது போனக் கொஞ்சம் கீழ வைப்பாங்க."

"என் பேரப் போட்டியோ, கதவையே பேத்துடுவேன்."

"அந்த டேப்லெட்ட எங்க வெச்சு ஆடுறீங்க இப்ப?"

"எங்கயோ வெச்சேன். அதுக்கும் இதுக்கும் என்ன?" இன்னொரு சுற்றுச் சுழன்றார். "குளிர்காலம் பூரா கடல்காத்து அடிச்சுது, கழுத்து பிடிச்சுது. காத்து நின்னுது, விட்டுது. எங்கம்மாவுக்கும் இதே மாதிரி வரும்."

"ஆகஸ்ட் மாசத்துலயா காத்து நின்னுது?"

"இந்த வருஷம் லேட்டு."

"சதுர்னி ஐயா..."

"நீ நல்ல பொண்ணுதான். படிச்சவளா இருக்குறது உன் குத்தமில்ல."

துணியின் முனையை அவள் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஈசெர்ன் மதுக்கடை வாசலில் நின்று கையாட்டினான். சதுர்னி அந்தப் பக்கம் நடந்தார், நேராக, யாருக்கும் வழிவிடாமல். காற்றுதான் காரணம் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.