உதைக்காத துப்பாக்கி

"முழங்கையை மடக்கு. இன்னும் கொஞ்சம். விரலை நீட்டு," என்றார் ஆரின்.

பேத்தி டெஸ் கையை மடக்கி நீட்டினாள். ஆரின் படுத்த வாக்கிலேயே, வைக்கோல் கட்டும் கயிற்றின் ஒரு நுனியை அவள் முழங்கை மடிப்பில் வைத்து, மறுநுனியை ஆள்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும் இழுத்துப் பிடித்தார். அங்கே ஒரு முடிச்சுப் போட வேண்டும். மூன்று தடவை கயிறு நழுவியது. நான்காவது தடவை முடிச்சு விழுந்தது.

மகள் மார்லிஸ் கட்டிலின் மறுபக்கம் குனிந்து மூத்திரப் பையை மாற்றிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் அந்தக் கயிற்றின் மேலேயே இருந்தது.

"எதுக்குத் தாத்தா அளவு?"

"துப்பாக்கிக் கட்டை உன் கைக்கு நீளமா இருந்தா தோள்ல உக்காராது. அப்பன் சட்டையைப் போட்டுக்கிட்டு நீ ஓட முடியுமா?"

டெஸ் சிரித்தாள். பதினோரு வயது. மார்லிஸின் தம்பி கர்ட்டுக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே பெண். வருகிற சனிக்கிழமை ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வேட்டை தொடங்குகிறது. ஊர் முழுக்க மக்காச்சோளக் காட்டில் இறங்கிவிடும் நாள். அன்றைக்குப் பேத்தியின் கையில் சொந்தத் துப்பாக்கி இருக்க வேண்டும் என்று கிழவருக்கு ஆசை. அதுவரை உயிரோடு இருப்போமா என்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை.

மார்லிஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்த வீட்டில் அவள் கையை யாரும் அளந்ததில்லை. கர்ட்டுக்குப் பன்னிரண்டு முடிந்த அன்று அப்பா துப்பாக்கி வாங்கி வந்தார். அவளுக்கு அப்போது பதினான்கு. அந்த இலையுதிர் காலத்திலும் அதற்குப் பிறகு வந்த பதிமூன்று இலையுதிர் காலங்களிலும் அவள் வேலை சோளத்துக்குள் நடப்பது. இந்த முனையிலிருந்து வரிசையாகக் கத்திக்கொண்டே நடக்க வேண்டும். கோழிகள் முன்னால் ஓடி ஓடி, வரிசை முடிகிற இடத்தில் வேறு வழியில்லாமல் எழும்பும். அங்கே துப்பாக்கிக்காரர்கள் நிற்பார்கள். நடப்பவளுக்கு முகமெல்லாம் சோளத்தோகைக் கீறல், நிற்பவனுக்குக் கோழி. 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு' என்று அப்பா ஒரு தடவை சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள். அவர் சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை.

இப்போது மட்டும் தோன்றியிருக்கிறது, கேட்காமலே, சாகக் கிடக்கும்போது. மார்லிஸுக்கு வயிறு எரிந்தது. பதினோரு வயதுப் பிள்ளையைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டால் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன?

"நாளைக்கே போய் வாங்கிட்டு வந்துடறேன்பா," என்றான் ஜன்னலோரம் நின்றிருந்த கர்ட்.

"நீ வேண்டாம். பளபளன்னு எது இருக்கோ அதை வாங்கிட்டு வருவே. மார்லிஸ் போகட்டும். அவளுக்குத்தான் பொறுமையாப் பாக்கத் தெரியும்." கயிற்றை மகளிடம் நீட்டினார். "கனமானதாப் பாரும்மா. உதைக்கக் கூடாது. கர்ட்டுக்கு வாங்கினப்ப எனக்கு அந்த விவரம் பத்தலை."

கர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவன் காது சிவந்ததை மார்லிஸ் கவனித்தாள். நாற்பது வருடம் கழித்து அப்பாவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை அவளுக்குக் கிடைத்திருக்கிறது, அதுவும் தம்பி மகளுக்காகக் கடைக்குப் போய் வர. கயிற்றைச் சுருட்டிக் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, நர்ஸ் வந்ததும் புறப்பட்டாள். ஊரில் துப்பாக்கி விற்கும் கடை ஒன்றுதான். ஆணி, பெயின்ட், நாய்த் தீனி எல்லாம் தாண்டிப் பின்னால் போனால் கார்டி நின்றுகொண்டிருப்பான். அவளோடு பள்ளியில் படித்தவன்.

"டெஸ்ஸுக்கா? கொடுத்து வச்ச குட்டி," என்றான். "நம்ம காலத்துல உனக்கு யாரு வாங்கிக் கொடுத்தா?"

"எனக்குத்தான் தொண்டை இருந்ததே. கத்தினா போதும், கோழி பறக்கும்."

கார்டி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று நினைத்தவனைப் போல அலமாரிப் பக்கம் திரும்பினான். இரண்டு துப்பாக்கிகளைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தான்.

"இது தானாவே அடுத்த தோட்டாவை ஏத்திக்கும். குழந்தைக்குக் கனமாச்சேன்னு தோணும். அந்தக் கனம்தான் உதையை வாங்கிக்கும், தோளுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னொண்ணு ஒத்தைக் குழல். தூக்கிப் பாரு, துடைப்பம் மாதிரி லேசா இருக்கும். பாக்கிறவங்க எல்லாம், ஆஹா, பிள்ளைக்கு ஏத்ததுன்னு இதைத்தான் தூக்கிட்டுப் போவாங்க. உதை மொத்தமும் தோளுக்குத்தான். ரெண்டு தடவை வாங்கினா மூணாவது தடவை சுடறதுக்கு முன்னாடியே பிள்ளை கண்ணை மூடிக்கும். அப்புறம் அந்தப் பழக்கம் ஜென்மத்துக்கும் போகாது."

கார்டி சொல்லித்தான் மார்லிஸுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கர்ட்டின் முதல் துப்பாக்கி இதே மாதிரி ஒற்றைக் குழல்தான். முதல் நாள் சுட்டுவிட்டுக் களஞ்சியத்துக்குப் பின்னால் போய் அழுதான். அதற்கப்புறம் சோள வரிசைக்குள்ளிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் அவள் எதிரே பார்த்தது, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருக்கும் தம்பியின் முகத்தை. பக்கத்தில் நிற்பவன் சுட்டு விழுந்த கோழியையெல்லாம் இவன் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஊர் அவனை வேட்டைக்காரன் என்றது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. அது ஒன்றுதான் அந்த வேட்டையில் அவளுக்குக் கிடைத்த பங்கு.

கயிற்றை எடுத்து இரண்டு துப்பாக்கிகளின் கட்டை மேலும் வைத்துப் பார்த்தாள். இரண்டும் பொருந்தின. அப்பா போட்ட முடிச்சு விசைக்கு நேராக வந்து நின்றது.

எல்லாமே ஒருத்திக்கே கிடைத்துவிட வேண்டுமா என்று தோன்றியது. துப்பாக்கி கிடைக்கட்டும், கூடவே கொஞ்சம் தோள்வலியும் கிடைக்கட்டும். ஒற்றைக் குழலைத் தொட்டு, "இதைக் கட்டு," என்றாள்.

"இதையா?" கார்டி அவள் முகத்தைப் பார்த்தான். "நான் சொன்னது காதுல விழுந்ததா?"

"அளவு சரியா இருக்கே, கார்டி."

அவள் வீட்டுக்கு வந்தபோது நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். மூச்சு மாறிவிட்டது, தம்பியை வரச் சொல்லியாயிற்று, அவன் டெஸ்ஸையும் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறான் என்றாள். மார்லிஸ் பெட்டியோடு உள்ளே போனாள்.

ஆரின் கண்ணைத் திறந்தார். "வாங்கினியா?"

அவள் துப்பாக்கியை எடுத்துப் போர்வைக்கு மேல், அவர் மடியில் வைத்தாள். அவர் இரண்டு கையையும் அதற்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. துப்பாக்கி இரண்டு விரற்கடை எழும்பி, மறுபடியும் போர்வையில் விழுந்தது. அவர் முகம் தெளிந்தது.

"நல்ல கனம்," என்றார். "உதைக்காது."

மார்லிஸ் வாயைத் திறந்தாள். காலையில் சூப் கரண்டியைக்கூட அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை, அவள்தான் ஊட்டினாள்.

"எனக்குத் தெரியும், நீ சரியாத்தான் பாப்பேன்னு."

"ம்," என்றாள்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. கர்ட் வந்து ஒரு கையையும் டெஸ் இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். மார்லிஸுக்குப் பாதந்தான் மிச்சமிருந்தது. மூன்று மணி சுமாருக்கு, போர்வைக்குக் கீழே அவள் பிடித்திருந்த பாதம் சில்லிட ஆரம்பித்தது.

"கடைசியா என்னக்கா சொன்னார்?" கர்ட் கேட்டான்.

"துப்பாக்கியைத் தூக்கிப் பாத்துட்டு, நல்ல கனம்னு சொன்னார்."

அடக்கம் பற்றிப் பேசப் போதகர் மாலையில் வந்தார். நாட்குறிப்பைப் புரட்டி, "உறவுக்காரங்க வந்து சேர சனிக்கிழமைதான் தோது," என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டார். "அன்னைக்கு வேட்டை ஆரம்பமாச்சே. சனிக்கிழமை வச்சா சவப்பெட்டி தூக்க ஆறு பேர் கிடைக்க மாட்டாங்க."

"அப்பாவே வர மாட்டார்," என்றான் கர்ட். அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்னுக்குள் பன்றி இறைச்சி, சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, பெரிய பாத்திரத்தில் காபி. தட்டோடு எதிரே வந்த ஒவ்வொருவரிடமும் கர்ட் அந்தத் துப்பாக்கிக் கதையைச் சொன்னான். அளந்தது அப்பா, பார்த்துப் பார்த்து வாங்கியது அக்கா, கடைசி வார்த்தையே அதைப் பற்றித்தான். கேட்டவர்கள் எல்லோரும் வந்து மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது வருடம் அப்பாவைக் குளிப்பாட்டியதற்கு ஒருவரும் இப்படிக் கையைப் பிடித்ததில்லை. அவள் கடித்த பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"தாத்தாவுக்காக ஒரு குண்டு போட்டுடலாமா?" வீட்டுக்கு வந்ததும் கர்ட் மகளிடம் கேட்டான். டெஸ் கறுப்புக் கவுனோடு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்குப் பின்னால், காற்றுக்குத் தடுப்பாக நட்ட மரவரிசையை ஒட்டி வேலிக் கம்பம் ஒன்று இருந்தது. அதன் தலையில் கர்ட் ஒரு காபி டப்பாவை வைத்தான். டெஸ் காதுக்கு மூடியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். கட்டை கனகச்சிதமாகப் பொருந்தியது.

"கர்ட்," என்றாள் மார்லிஸ்.

"என்னக்கா?"

"குளிருது. சீக்கிரம்."

வெடித்தது. டெஸ் இரண்டடி பின்னால் தள்ளாடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பிறகு வாயை மட்டும் சிரிப்பாக ஆக்கிக்கொண்டு, "வலிக்கவே இல்லப்பா," என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாத்தியா, தாத்தா பாத்து வச்ச கனம்," என்றான் கர்ட். அவன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொண்ணு?"

டெஸ் தலையை ஆட்டினாள். கர்ட் குழலை மடக்கி அடுத்த தோட்டாவைப் போட்டுக் கொடுத்தான். அவள் தூக்கினாள். பக்கவாட்டில் நின்ற மார்லிஸுக்குத்தான் அந்த முகம் தெரிந்தது. விரல் விசைக்குப் போவதற்கு முன்பே இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன. கன்னம் கட்டையை விட்டு விலகி நின்றது.

கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

"இறக்கு, டெஸ். குழலைக் கீழே பாத்து இறக்கு." போய் அதை வாங்கி, மடக்கி, தோட்டாவை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்னாச்சுக்கா?"

"இது இவளுக்கு ஆகாது. கார்டி அஞ்சு மணி வரைக்கும் கடை திறந்திருப்பான். கனமா இன்னொண்ணு அவன்கிட்ட இருக்கு. வண்டியை எடு."

"அப்பா தூக்கிப் பாத்து நல்ல கனம்னார்னு நீதானே சொன்னே?"

"அன்னைக்கு அவருக்குப் போர்வையே கனம்டா."

கர்ட் அவளையே பார்த்தான். "வாங்கும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவன் தன் வலது தோளைத் தடவிக்கொண்டே மகளைப் பார்த்தான், மரங்களைப் பார்த்தான். பிறகு வண்டியை நோக்கி நடந்தான்.

டெஸ் நகரவில்லை. "இதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. தாத்தா தொட்டது."

"கொடுக்கலை. இதை நான் வச்சுக்கறேன். உனக்கு வேற."

"நீங்க சுடுவீங்களா அத்தை?"

"சுட்டதில்ல."

டெஸ் அப்பன் தூரத்தில் போய்விட்டானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ரொம்ப உதைக்குது," என்றாள் மெதுவாக. காதுமூடியைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு ஓடினாள்.

மார்லிஸ் காதுமூடியை மாட்டிக்கொண்டாள். கையிலிருந்த தோட்டாவைப் போட்டுக் குழலை மூடினாள். கட்டை அவளுக்கு ரொம்பக் குட்டை, பிடித்திருந்த கையின் கட்டைவிரல் மூக்கில் இடித்தது. கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு சுட்டாள்.

வண்டியில் ஏறிக் கர்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். துப்பாக்கி மடங்கியபடி அவள் மடியில் கிடந்தது.

"பட்டுச்சா?" கர்ட் கேட்டான்.

"இல்ல."

"வலிக்குதா அத்தை?" பின்சீட்டிலிருந்து டெஸ் கேட்டாள்.

"வலிக்குது."

சீட் பெல்ட்டை இழுத்தாள். அது சரியாக அந்தத் தோளின் மேல்தான் வந்து விழுந்தது. அவள் அதைத் தள்ளிவிடாமல் அப்படியே இழுத்து மாட்டினாள்.